பெயர்ப்பலகையும் உள்ளே நடக்கும் வேலையும்: கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க எதை நம்புவது?

பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண். கணினி அறிவியலா, உளவியலா என்று அவளுக்குக் குழப்பம். அதே வயதில் ஒரு பையன். இயந்திரப் பொறியியலில் இடம் கிடைத்துவிடும். ஆனால் மனம் செவிலியர் படிப்பின் பக்கம் போகிறது, அதை வெளியே சொல்லத்தான் தயக்கம். இருவரும் நான் உதாரணத்துக்காகக் கற்பனை செய்தவர்கள்.

அவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. "நீ அமைதியான பொண்ணு, நாலு பேரோட பேசிப் பழகுற வேலை ஒத்துவராது, கம்ப்யூட்டர் எடு" என்பார் ஒருவர். "மனுஷங்களைப் புரிஞ்சுக்கறது பொண்ணுங்களுக்குத் தானா வரும், சைக்காலஜி படி" என்பார் இன்னொருவர். குணத்தைக் காட்டி ஒருவர் ஒரு பக்கம் இழுக்க, பெண் என்பதைக் காட்டி மற்றவர் மறுபக்கம் இழுக்கிறார். பையனிடம் இவ்வளவு நீளமாக யாரும் பேசுவதில்லை. "நர்சிங்கா?" என்ற ஒரு கேள்வி, கூடவே ஒரு சிரிப்பு. அதோடு சரி.

இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பதாகச் சொல்லப்படுபவை நான்கு: ஆளுமைத் தேர்வு, ஆர்வம், மதிப்பெண், நம்மைப் போன்றவர்கள் எங்கே படிக்கிறார்கள் என்ற கணக்கு. ஐந்தாவதாக, இப்போதைக்கு முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவது. இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் ஒரே எடையாக வைக்க எனக்கு மனமில்லை. முதலாவதுக்கு இருக்கும் பெயரும் புகழும் அதன் தகுதிக்கு மிக அதிகம்.

ஆளுமைத் தேர்வு சொல்வது

பத்து நிமிடத்தில் நான்கு எழுத்துக் கொடுத்து "இதுதான் நீங்கள்" என்று சொல்லும் மயர்ஸ்-பிரிக்ஸ் வகைத் தேர்வைப் பலரும் எழுதியிருப்பார்கள். கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும், உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய கருத்துகளிலிருந்து உருவாக்கியது அது. மனிதர்களை 16 வகையாகப் பிரிக்கிறது. கூச்ச சுபாவமா, கலகலப்பா என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் நடுவில்தான் எங்கோ இருப்போம். இந்தத் தேர்வு அந்த நடுவில் கோடு கிழித்து ஆளை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிடும். அதனால்தான் சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதும்போது கணிசமானவர்களுக்கு வேறு வகை வந்துவிடுகிறது. எனக்கும் இரண்டு தடவையில் இரண்டு வகை வந்தது. இரண்டு விளக்கத்தையும் படித்து "அட, அப்படியே நான்தான்" என்று தலையாட்டியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது ஐந்து குணங்களை அளக்கும் முறை: புதியதில் நாட்டம், பொறுப்பும் ஒழுங்கும், கலகலப்பு, இணக்கம், பதற்றம். இதில் வகை கிடையாது. ஒவ்வொரு குணமும் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா வேடல், வெவ்வேறு துறை மாணவர்களின் இந்தக் குணங்களை ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மொத்தம் 13,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். கலை, மொழி, உளவியல் படிப்பவர்களுக்குப் புதியதில் நாட்டமும் பதற்றமும் சராசரியில் கூடுதல். பொருளாதாரம், சட்டம், வணிகம் படிப்பவர்களுக்கு இணக்கம் கொஞ்சம் குறைவு. ஆக, துறைக்குத் துறை குணம் வேறுபடுவது உண்மைதான்.

ஆனால் அது கூட்டத்தின் சராசரி. வணிகம் படிப்பவர்களில் ஆயிரக்கணக்கானோர் உளவியல் மாணவர்களைவிட இணக்கமானவர்கள். இன்னொன்றும் உண்டு. ஐந்தில் மதிப்பெண்ணோடு தெளிவாகத் தொடர்புடையது பொறுப்பும் ஒழுங்கும்தான் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. அந்தக் குணம் எந்தத் துறையில் சேர்ந்தாலும் உதவும். எல்லாக் கதவையும் திறக்கும் சாவியை வைத்துக்கொண்டு எந்தக் கதவு நமக்கானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

குணத்தையும் பாலினத்தையும் சேர்த்துச் சொல்பவர்கள் இன்னொரு தவறும் செய்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இணக்கத்திலும் பதற்றத்திலும் பெண்களின் சராசரி ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கிறது. அப்படியானால் "அவள் பெண், அதோடு இணக்கமானவள், அதனால் உளவியல்" என்பதில் இரண்டு காரணங்கள் இல்லை. ஒரே சாட்சி சட்டையை மாற்றிக்கொண்டு இரண்டாவது தடவை கூண்டில் ஏறியிருக்கிறார். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் ஆண் பெண் வேறுபாடு பற்றிய 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுபவை) எடுத்துப் பார்த்தபோது, வேறுபாடுகளில் 78 சதவீதம் மிகச் சிறியவை அல்லது இல்லை என்றே சொல்லிவிடக்கூடியவை. அந்தச் சாட்சியின் குரலும் அவ்வளவு உரத்ததல்ல.

சரி, இந்தத் தேர்வு எதற்குமே உதவாதா? எந்தத் துறை என்பதற்கு உதவாது. சேர்ந்த துறையில் நமக்கு எது சிரமமாக இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள உதவும். கூச்சமுள்ள பெண் உளவியல் எடுத்தால் முதல் குழு விவாதத்தில் திணறலாம். ஒழுங்கு குறைந்த பையன் எந்தப் படிப்பிலும் கெடுவைத் தவறவிடலாம். அதற்கான ஏற்பாட்டை இப்போதே யோசிக்கலாம்.

ஆர்வம்

இது இன்னும் நேரான கேள்வி. நீ எப்படிப்பட்டவள் என்று கேட்காமல், எதைச் செய்தால் உனக்கு நேரம் போவது தெரியாது என்று கேட்கிறது. உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு இன்றும் வழிகாட்டி மையங்களில் புழங்குகிறது. கைவேலை, ஆராய்ச்சி, கலை, பிறருக்கு உதவுதல், தலைமையும் வியாபாரமும், ஒழுங்கான அலுவலக வேலை என்று ஆறு நாட்டங்கள். ஆளுக்கும் ஆறு, துறைக்கும் ஆறு. இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்று பார்க்க வேண்டும். ஆளுமைத் தேர்வைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். கேள்வியே வேலையைப் பற்றியது என்பதுதான் காரணம்.

ஆனால் பாலினம் பெரிய உருவம் எடுப்பதும் இங்கேதான். ரோங் சூ, ஜேம்ஸ் ரவுண்ட்ஸ், பாட்ரிக் ஆம்ஸ்ட்ராங் ஆகியோர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆர்வத் தேர்வு முடிவுகளைத் திரட்டி 2009இல் வெளியிட்டார்கள். ஆண்களின் சராசரி பொருள்கள், கருவிகள் பக்கம். பெண்களின் சராசரி மனிதர்கள் பக்கம். இடைவெளி 0.93 திட்ட விலக்கம் (ஒரு கூட்டத்தில் ஆட்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பதன் அளவு). உளவியலில் இவ்வளவு பெரிய ஆண் பெண் வேறுபாட்டைப் பார்ப்பது அபூர்வம். இதை மறைப்பதில் பயனில்லை; மறைத்தால், தெரிந்தவர்கள் அடுத்த நிமிடமே எடுத்து நீட்டுவார்கள்.

நீட்டினால் என்ன செய்வது? அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் ஜோடியாக எடுங்கள். இப்படி 100 ஜோடி எடுத்தால், ஏறக்குறைய 75 ஜோடியில் ஆணுக்குக் கருவி நாட்டம் கூடுதலாக இருக்கும். மீதி 25 ஜோடியில் பெண்ணுக்கு. ஆய்வுலகில் மிகப் பெரியது என்று பேசப்படும் வேறுபாட்டின் நிலையே இது. நாலில் ஒரு தடவை தப்பாகிவிடும் ஊகத்தை வைத்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் நான்கு வருடத்தை முடிவு செய்வானேன்? அவளிடமே கேட்டுவிடலாமே.

அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு விவரம்: பொறியியலில் இடைவெளி 1.11, அறிவியலிலும் கணிதத்திலும் அதில் மூன்றில் ஒரு பங்குதான். "அறிவியல், கணிதம், பொறியியல்" என்று ஒரே மூச்சில் சொல்லி எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்துவது தவறு என்பதற்கு இதுவே போதும்.

ஆர்வத்தை நம்புவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பார்க்காத ஒன்றின் மேல் யாருக்கும் ஆர்வம் வராது. பதினேழு வயதில் ஒருவர் பார்த்திருப்பது பள்ளிப் பாடங்கள், வீட்டுப் பெரியவர்களின் வேலைகள், திரையில் வருபவை, அவ்வளவுதான். ஆர்வங்கள் எவ்வளவு நிலையானவை என்று தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை 2005இல் தொகுத்தபோது, பதின்ம வயதில் ஓரளவே இருந்த நிலைத்தன்மை 18 வயதுக்குப் பிறகு, கல்லூரிக் காலத்தில், வேகமாக உயர்வது தெரிந்தது. அதாவது ஆர்வம் உறைந்து கெட்டியாவதற்குச் சற்று முன்னால் நாம் அதைக் கேட்டு முடிவெடுக்கச் சொல்கிறோம்.

மதிப்பெண்

எதில் அதிக மதிப்பெண்ணோ அதை எடு என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. பிரச்சினை எல்லாவற்றிலும் நன்றாக எடுப்பவர்களுக்குத்தான். பள்ளி மதிப்பெண்களில் பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கிறார்கள், கணிதம் உட்பட. மொழிப் பாடத்தில் அந்த முன்னிலை இன்னும் அதிகம். ஆகவே கணிதத்தில் 95ம் மொழியில் 98ம் எடுத்த பெண்ணிடம் "உனக்கு மொழிதான் வரும்" என்று மதிப்பெண் பட்டியல் சொல்கிறது. கணிதத்தில் 85ம் மொழியில் 60ம் எடுத்த பையனிடம் அதே பட்டியல் "உனக்குக் கணக்குத்தான்" என்கிறது. கணக்கில் யார் மேல்?

அமெரிக்காவில் 1,490 பேரைப் பள்ளி இறுதியிலும் பிறகு 33 வயதிலும் கவனித்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தொட்டது. கணிதமும் மொழியும் இரண்டும் நன்றாக வந்தவர்கள், கணிதம் மட்டும் நன்றாக வந்தவர்களைவிட அறிவியல் தொழில்நுட்பத் துறைகளுக்குக் குறைவாகவே போயிருந்தார்கள். அந்த முதல் கூட்டத்தில் பெண்கள் அதிகம். திறமை போதாமல் விலகவில்லை. வேறு வழியும் இருந்ததால் விலகினார்கள். மதிப்பெண்ணை வைத்து "என்னால் முடியாது" என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். "இதுதான் எனக்கு" என்பதை அது சொல்லாது.

நம்மைப் போன்றவர்கள்

வெளியே யாரும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், நிஜத்தில் முடிவெடுக்கும் வழிகாட்டி இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு துறையின் பெயரைக் கேட்டதும் மனதில் ஓர் உருவம் வருகிறது. அது நம்மைப் போல் இருந்தால் உள்ளே போகிறோம்.

டேவிட் சேம்பர்ஸ் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 4,807 சிறு பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொல்லியிருந்தார்கள். பெண் விஞ்ஞானி வந்த படங்கள் 28. சதவீதம் இல்லை, மொத்தமே 28 படங்கள். அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. பிற்பாடு அமெரிக்காவில் 1985க்குப் பிறகு நடந்த இதே மாதிரியான ஆய்வுகளைத் திரட்டியபோது, சராசரியாக 28 சதவீதம் பேர் பெண்ணை வரைந்திருந்தார்கள். உருவம் மாறுகிறது, மெதுவாக.

உருவம் எவ்வளவு தற்செயலானது என்பதற்குக் கணினித் துறையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1946இல் உலகுக்குக் காட்டப்பட்ட, ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக்குக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். அப்போது அது கணக்குப் போடும் பெண்களின் வேலை. 1980களின் நடுவில் அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் 37 சதவீதம் பெண்கள். அதன் பிறகு சரிந்து 20க்கும் கீழே போனது. இந்தச் சில பத்தாண்டுகளில் பெண்களின் குணம் அடியோடு மாறிவிட்டதா என்ன?

செவிலியர் துறை இதற்கு நேர் எதிர்க் கதை. இடைக்கால ஐரோப்பாவில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட அலெக்சியன் சகோதரர்கள் போன்றவர்கள் ஆண் துறவிகள். 1860இல் லண்டனில் தொடங்கிய நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி பெண்களை மட்டுமே சேர்த்தது. இன்று உலகச் செவிலியர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பையனைப் பார்த்துச் சிரிப்பவருக்கு இது ஆதிகால வழக்கம் போலத் தோன்றும். உண்மையில் இரண்டு நூற்றாண்டுகூட ஆகவில்லை.

அறை எப்படி இருக்கிறது என்பதே போதும், ஆள் பின்வாங்க. சப்னா செரியன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கணினித் துறை வகுப்பறை ஒன்றை இரண்டு விதமாக அலங்கரித்தார்கள். ஒன்றில் விண்வெளித் தொடர் சுவரொட்டி, வீடியோ கேம் பெட்டி, குளிர்பான டப்பாக்கள். இன்னொன்றில் இயற்கைக் காட்சி, தண்ணீர் பாட்டில் மாதிரி யாருக்கும் பொதுவான பொருட்கள். முதல் அறையில் உட்கார்ந்த பெண்களுக்குக் கணினி அறிவியலில் ஆர்வம் குறைந்தது. பாடம் மாறவில்லை, ஆசிரியர் மாறவில்லை. சுவரில் இருந்ததுதான் வேறு.

ஆசிரியர் மாறினாலும் வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் முதலாண்டு மாணவர்களுக்கு எந்த ஆசிரியர் என்பது குலுக்கல் மாதிரிதான் அமையும். அதைப் பயன்படுத்திக்கொண்ட 2010ஆம் ஆண்டு ஆய்வில், கணிதத்தில் மிகவும் கெட்டிக்காரப் பெண்களுக்குத் தொடக்க வகுப்புகளை எடுத்தவர் பெண் ஆசிரியராக இருந்தபோது, அறிவியல் பட்டம் பெறுவதில் ஆண் பெண் இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தே போனது. ஆண் மாணவர்களுக்கு ஆசிரியர் யாராக இருந்தாலும் பெரிய மாற்றமில்லை.

கல்லூரியே மனம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி. மரியா கிளாவே 2006இல் தலைவராக வந்த காலத்தில் அங்கே கணினி அறிவியல் எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் பெண்கள். முதல் பாடத்தை மாற்றினார்கள்: பைதான் என்ற நிரல் மொழியில், நிஜப் பிரச்சினைகளைத் தீர்ப்பதாக. ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களைத் தனிப் பிரிவில் போட்டார்கள்; புதிதாக வந்தவர்கள் அவர்களைப் பார்த்து மிரளுவது நின்றது. சில ஆண்டுகளில் பங்கு 40 சதவீதத்தைத் தொட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு நடைமுறை விஷயம். ஒரே பெயர்ப்பலகை மாட்டிய இரண்டு கல்லூரிகளின் துறைகள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கலாம். "கணினி அறிவியல் பெண்ணுக்கு ஒத்துவருமா" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. "இந்தக் கல்லூரியின் கணினி அறிவியல் வகுப்பில் முதல் முறையாக நிரல் எழுதும் ஒருவரை எப்படி நடத்துகிறார்கள்" என்ற கேள்விக்குப் பதில் உண்டு, போய் விசாரித்தால் கிடைக்கும்.

(பெண்களுக்குச் சம வாய்ப்பு அதிகமுள்ள நாடுகளில்தான் அறிவியலில் இடைவெளி பெரிது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்து பெரிய சர்ச்சையானது. கணக்கிட்ட முறை மீது கேள்வி எழுந்து, ஆய்வாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படி முடிந்தாலும் அது நாடுகளைப் பற்றியது. விண்ணப்பத்தை நிரப்ப யாருக்கும் உதவாது.)

தள்ளிப்போடுவது

முதல் ஆண்டு பொதுவாகப் படித்து, அப்புறம் துறையைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கும் கல்லூரி கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அமெரிக்காவில் பட்டப்படிப்பில் சேர்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முதல் மூன்று ஆண்டுக்குள் துறை மாறுகிறார். மாற முடியாத இடங்களில் இந்த யோசனைக்கே அர்த்தமில்லை. அங்கே சேர்வதற்கு முன்பே ருசி பார்த்துவிட வேண்டும்.

உள்ளே போய்ப் பார்த்தால்

ருசி பார்ப்பதற்கு நான் சொல்லும் வழி: இரண்டு துறைகளின் இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் ஆண்டு பல துறைகளில் ஒன்று போலவே இருக்கும். கடைசி ஆண்டு அவரவர் விருப்பப் பாடம். இரண்டாம் ஆண்டில்தான் துறை தன் முகத்தைக் காட்டும்.

நம் பெண் அப்படி எடுத்துப் பார்த்தால், உளவியல் பக்கம் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் முன்னால் வந்து நிற்கும். மனிதர்களைப் பிடிக்கும் என்று சேர்ந்த எத்தனையோ பேர் தடுக்கி விழும் இடம் அது. கணினிப் பக்கம் தரவுக் கட்டமைப்பு (தகவலை அடுக்கி வைக்கும் விதம்), படிமுறை (கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழி), கூடவே நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் திட்டப்பணி. அமைதியான பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் என்று சொன்னாரே ஒருவர், அவருக்கு அந்தத் திட்டப்பணியில் நாள் முழுக்க நடக்கும் வாக்குவாதம் தெரியாது. உளவியலிலோ, ஒருவர் முன்னால் உட்கார்ந்து அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பெரிய திறமை. பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொன்ன இரண்டு யோசனையுமே உள்ளே போனதும் தலைகீழாகிவிடுகின்றன. அவள் புள்ளியியலின் முதல் இரண்டு பாடத்தையும், நிரல் எழுதும் பயிற்சியில் பத்துக் கணக்கையும் இந்த மாதமே செய்து பார்க்கலாம். பிழை வரும்போது எதில் எரிச்சலாகி மூடி வைக்கிறாள், எதில் இன்னொரு தடவை முயன்று பார்க்கிறாள் என்று கவனித்தால் போதும். இரண்டும் பிடித்துப்போனால், மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையே ஆராயும் துறை ஒன்று இருக்கிறது. இரண்டு வாசல் வழியாகவும் அங்கே போகலாம். எனக்கென்னவோ கணினி வழியாகப் போவது சுலபம் என்று தோன்றுகிறது. நிரலைத் தனியாகக் கற்க முடியும் என்றாலும், முறையாகக் கற்றவருக்குப் பின்னால் கதவுகள் அதிகம்.

பையனின் பாடத்திட்டத்தில் கருவி ஒரு பக்கம், மனிதர் ஒரு பக்கம் என்ற பிரிவினையே நிற்காது. செவிலியர் படிப்பில் உடற்கூறியல், மருந்தியல், எடைக்கேற்ப மருந்தளவு கணக்கிடுவது, சொட்டு மருந்து பம்பு, சுவாசக் கருவி, இதய அலைகளைக் காட்டும் திரை. கருவி பிடித்த ஆளுக்கு அங்கே வேலை குறையாது. இயந்திரப் பொறியியல் பக்கம் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் காத்திருக்கும். அவற்றில் அவனுக்குப் பசி இல்லையென்றால், இடம் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் சேர்வது நல்ல காரணமாகத் தெரியவில்லை.

அவனுக்குப் பெண்ணைவிட ஒரு விஷயம் கடினம். பெண்களைப் பொறியியலுக்கு அழைக்கத் திட்டங்கள், உதவித்தொகைகள், ஆய்வுகள் என்று நிறைய இருக்கின்றன. ஆண்களைச் செவிலியர் படிப்புக்கும் சிறு பிள்ளைகளின் வகுப்புக்கும் அழைக்க அந்த அளவுக்கு எதுவும் இல்லை. ஆகவே அவனே விசாரிக்க வேண்டும். ஆண்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேட்டால் போதாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேட்க வேண்டும். ஆண் மாணவர்களுக்கு எல்லா வார்டிலும் பயிற்சி தருகிறார்களா, இல்லை பளு தூக்கும் வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா? படித்து முடித்த ஆண் செவிலியர் ஒருவரிடம் பேச முடியுமா? முடிந்தால், அவருடைய இரவுப் பணி எப்படி ஓடுகிறது என்று அரை மணி நேரம் கேட்டுவிட்டு வரட்டும்.